கட்டிக்கிறேன் என்று சொன்ன தேதி

வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவளுக்கு ஊரார் காதல் எல்லாம் 'மேற்படி நபர்' என்றுதான் அறிமுகமாகும். தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மூன்று வருஷமாக அதைத்தான் அடிக்கிறேன். எனக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள், தாலி கிடையாது. கட்டிக்கிறேன் என்று சொன்ன அவள் அப்பா துபாயில் இருந்துகொண்டு போனை எடுப்பதில்லை. அவன்மேல் புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தோடு மற்றவர்களின் புகாரை அடிக்கிறேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் மேலே படிக்கலாம்.

எந்த அறுப்பு?

திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். "அறுப்பு முடிஞ்சதும் கட்டிக்கிறேன்னான் சார்" என்றாள். வக்கீல் சார் நிமிராமல், "குறுவையா, சம்பாவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வாக்குக் கொடுத்த தேதியைப் பிடிக்கத்தான் அவர் கேட்டிருக்கிறார். கட்டும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து நெருங்கினால் குற்றம், பத்து வருஷம் வரை ஜெயில். ஆகவே சொன்ன அன்றைக்கு அவன் மனசில் என்ன இருந்தது என்பதுதான் கேஸே. அந்தப் பெண் சொன்னாள்: "எந்த அறுப்புன்னு நான் கேக்கல சார். அவங்களுக்கு நிலமே இல்லன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

நல்ல பையன்

வேறொரு கேஸில் முன்ஜாமீன் கேட்டு ஒரு பையன் வந்தான். "அப்ப நெசமாத்தான் சொன்னேன் சார். அம்மா சாப்பிடாம படுத்துட்டாங்க, அதான்..." என்று இழுத்தான். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'உண்மையாகவே மணக்க விரும்பினேன், குடும்ப எதிர்ப்பால் இயலவில்லை' என்று அடிக்கச் சொன்னார்.

ஆசைப்பட்டுக் கைவிட்டால் குற்றமில்லையா? எங்கள் குமாஸ்தா ஜெயராணி அக்காவைக் கேட்டேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "நல்லவனா இருந்து கெட்டுப்போனா கேஸ் நிக்காதுடி. தொடக்கத்துலயே கெட்டவனா இருந்திருக்கணும்."

தெரியும்

அடுத்து ஒரு நர்ஸ். சாதி வேறு என்பதால் தன் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று, கட்டிக்கிறேன் என்றவனுக்கு முதலிலேயே தெரியுமாம். நடக்காது என்று தெரிந்தே வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று சார் உற்சாகமானார். "உனக்கு?" என்று கேட்டார். தனக்கும் தெரியும் என்றாள். சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தடை தெரிந்துதானே சம்மதித்தாய் என்று எதிர்த்தரப்பில் கேட்பார்கள் என்றார். "தெரியும் சார். அதை மீறிக் கட்டுறேன்னுதானே சார் சொன்னான்."

என் மனு

போன மாதம் அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மதியம் என் புகாரை அடிக்க உட்கார்ந்தேன். 'ஆரம்பம் முதலே ஏமாற்றும் எண்ணத்துடன்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. வேளாங்கண்ணியில் என் செருப்பு அறுந்தபோது தன் செருப்பைக் கொடுத்துவிட்டு, சுடுமணலில் குதித்துக் குதித்து வந்தவன் அவன். அதுவும் நடிப்பா? பொய் எழுதக்கூடாது என்று நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொன்னார்கள். இதில் எது பொய் என்று சொல்லித்தரவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் கேஸ் இல்லை. இருந்தால், என் மகள் ஒருநாள் அதைப் படிப்பாள்.

ஜெயராணி அக்கா என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். கை நின்ற காரணத்தைச் சொன்னேன். "பாப்பா படிப்பாளேன்னு பாக்குறியா? அவ எழுத்துக்கூட்ட இன்னும் நாலு வருஷம் ஆகும். அவன் வீட்டாளுங்க இந்த மாசமே படிக்கட்டும்."

அந்த வரியோடே மகளிர் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். நான் ஏமாந்தது நிச்சயம், எந்தத் தேதியில் என்பதை இனி கோர்ட்தான் எனக்கும் சேர்த்துக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.