கனகாவின் எடை

எஸ்டேட்டில் காபி மூட்டை தூக்குவது ஆம்பளை வேலை என்பார்கள். வாழவந்தி ஊர்க்காரி கனகா அந்தப் பேச்சைக் காதில் வாங்கியதே இல்லை. குட்டை உருவம், திரண்ட தோள், உரமேறிய கால். மூட்டையோடு சரிவில் ஏறினாலும் அவளுக்கு மூச்சு வாங்காது.

அந்த எஸ்டேட்டில் மருத்துவ முகாம் போட்டார்கள். எடையும் உயரமும் பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த ஆள் எல்லோர் காதிலும் விழும்படி, "பிஎம்ஐ ஜாஸ்தி. உடல் பருமன். சோத்தைக் குறைக்கணும்" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் புருஷன் செங்கோடனும் சிரித்தான். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் சட்டையை முட்டிக்கொண்டு நின்ற அவனுக்கு, "நார்மல்" என்றார்கள்.

அதிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "படிச்சவங்களே சொல்லிட்டாங்க புள்ள. நீ பாதிச் சோறு தின்னு" என்பான். சொல்லிக்கொண்டே ஜிலேபியைப் பிய்த்துத் தின்று, விரல் விரலாக நக்குவான். பார்க்கவே அவளுக்குக் குமட்டும். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். காலையிலும் வெறும் காபிதான். ஒருநாள் மூட்டையோடு கண் இருண்டு சரிவில் விழுந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் மரியபுஷ்பம் முழங்கைக் காயத்துக்குக் கட்டுப் போட்டார்.

"பட்டினி கிடக்கச் சொன்னது யாரும்மா?"

"கேம்ப்புலீங்க டாக்டரம்மா. நான் நொம்ப குண்டுன்னுட்டாங்க."

"அது எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுக்கற கணக்கும்மா. அந்த எடை சதையா கொழுப்பான்னு அதுக்குத் தெரியாது. கொழுப்பு வயித்துல சேந்திருக்கான்னும் தெரியாது. அதை மட்டும் வச்சு ஒருத்தரை நோயாளின்னோ, ஆரோக்கியம்னோ சொல்லிற முடியாது."

இடுப்பை அளந்தார். பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார். கனகாவுக்கு ஒரு குறையும் இல்லை. துணைக்கு வந்து கதவோரம் நின்ற செங்கோடனின் வயிற்றின் மேல் அவர் பார்வை போயிற்று.

"நீங்களும் வாங்க."

"எனக்கு நார்மலுங்க."

பரிசோதித்தால் அவனுக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் பொருமிக்கொண்டே வந்தான். "அந்தக் கேம்ப்புக்காரப் பயலைச் சும்மா உடறதில்ல. ஒண்ணுந் தெரியாத பய."

கனகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைக் குண்டு என்றபோது படித்தவனாக இருந்த ஆள், இப்போது பயலாகிவிட்டான். இவன் பேச்சுக்காகவா வயிற்றைக் காயப்போட்டோம் என்று நினைக்க, தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவன் அவள் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் வயிறார உண்டாள். அவனுக்கு அளவாகக் களி கிண்டி, மாத்திரையைத் தட்டோரம் வைத்தாள். முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை.