கம்பியின் மேல் ஒரு கை

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. செம்மல் ஒரு குச்சியை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கிறார். உள்ளே கிடப்பவை அவருடைய பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள். சத்தம் மந்தமாகும்போதெல்லாம் கழற்றி, சுருட்டி, வேகவைத்து, துணியால் துடைத்து மாட்டிவிடுவார். கம்பி மறுபடி கணீரென்று பேசும். "புது செட்டு நமக்குக் கட்டுப்படியாவாது சார். கம்பியா கெட்டுப்போவுது? அழுக்குதான் அடச்சிக்கிது."

அது அவருடைய அழுக்கு மட்டுமல்ல. கிட்டார் அவருடைய அண்ணன் ராஜ்கமலுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துவிட்டு வந்து, மறுநாள் மதியம் சோற்றில் கை வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கம்பி வெந்த கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற அண்ணி அஞ்சலாட்சி விடுவதில்லை. ஆறியதும் எடுத்துப்போய்ச் செம்பருத்தி வேரில் ஊற்றுகிறார். அந்தச் செடியில் தெருவில் யாரும் பூப் பறிப்பதில்லை.

ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் செம்மலுக்கு வேலை. அங்கே அவர் இருக்கிற இடம் தெரியாது. மேடை ஏறிவிட்டால் ஆளே வேறு. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, இரண்டு விரலால் கல்யாண மண்டபத்தையே அதிர வைப்பார். அதற்காகத்தான் இத்தனை கைவைத்தியமும். கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் துண்டு போட்டுச் செருகியிருக்கிறார். நாதம் இழுக்காமல் 'தும் தும்' என்று நிற்குமாம். ஸ்பீக்கர் பெட்டியைப் பழைய ஸ்கூட்டர் டயர் மேல் உட்கார வைத்திருக்கிறார். தரை சேர்ந்து அதிராதாம். 'இதற்கு ஒரு நல்ல கிட்டாரே வாங்கிவிடலாமே' என்று சீண்டினால், "வாங்குங்க சார், வேணான்னா சொல்றேன்?" என்பார்.

எல்லாவற்றையும் சரிசெய்தவர் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார். ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் கிட்டாரிலிருந்து 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். மலிவு கிட்டாரில் இது சகஜம். "கம்பிய தொட்டா நின்னுடும் சார். நம்ம ஒடம்பு அந்த எரைச்சல இழுத்துக்குது. கைய எடுத்தா திரும்ப வந்துடும்," என்று தொட்டும் விட்டும் காட்டினார்.

ஆனால் அந்த வீட்டில் சில மதியங்களில், யாரும் தொடாமலே இரைச்சல் நின்றுவிடுகிறது.

நான் லேசில் நம்புகிற ஆளில்லை. ஃபிரிட்ஜாக இருக்கும், பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும் என்றேன். செம்மலும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணெதிரே நடந்தது. சுவரில் சாய்ந்திருந்த கிட்டார் உறுமிக்கொண்டே இருந்தது, சட்டென்று அடங்கியது. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உறுமல் திரும்பி வந்தது. "ஒரு தடவ அந்த நேரத்துல போயித் தொட்டுப் பாத்தேன் சார்," என்றார் செம்மல் தணிந்த குரலில். "கம்பி வெதுவெதுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் தொடறதில்ல."

கணவர் போன புதிதில் அஞ்சலாட்சி சோற்றைத் தொடவேயில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டார். முதல் தடவை இரைச்சல் நின்ற அன்றுதான் தட்டெடுத்து உட்கார்ந்தார். இன்றும் மதியமானால் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். இரைச்சல் நின்றால் சாப்பாடு. நிற்காவிட்டால் பட்டினி.

போன மாதம் இசைக்குழு நடத்தும் ஹரிகிருஷ்ணன் போனில் கத்தியது எனக்கே கேட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தாவின் குடும்பம் பிரான்சிலிருந்து வந்து வைக்கும் கல்யாண வரவேற்பு. பெரிய ஹால், பெரிய ஸ்பீக்கர். "அந்த எரைச்சல நிறுத்திட்டு வா. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

நிறுத்துவது செம்மலுக்குப் பெரிய காரியமில்லை. கிட்டாரின் வயிற்றுக்குள் செப்புத் தகடு ஒட்டி, அதை எர்த் கம்பியோடு சேர்த்துவிட்டால் போதும். கம்பெனியில் கழித்துப்போட்ட தகட்டைக் கேட்டு வாங்கி எப்போதோ வைத்திருந்தார். கைதான் வரவில்லை. "எரைச்சலே இல்லன்னா, அண்ணன் வந்து தொடறது அண்ணிக்கு எப்பிடி சார் தெரியும்? சாப்பிடாம கெடந்துடுவாங்க." மேடையை விடவும் அவருக்கு மனசில்லை. இரண்டு வாரம் அந்தத் தகட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அண்ணி மீன் வாங்க வைத்திக்குப்பம் போயிருந்த நேரத்தில் கிட்டாரைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். தகட்டை வெட்டி, ஒட்டி, ஈயம் வைத்து மூடினார். கிட்டாரைச் சுவரில் சாய்த்து சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதேயில்லை. அண்ணி வந்ததும் பக்குவமாகச் சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

அஞ்சலாட்சி மீன் பையோடு உள்ளே நுழைந்தார். விளக்கைப் பார்த்தார். காது கொடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எப்ப வந்தாரு?"

செம்மல் என்னைப் பார்த்தார். "இப்பதான் அண்ணி," என்றார்.

சாதாரணமாகக் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும் இரைச்சல், குழம்பு கொதித்து இறங்கியும் திரும்பவில்லை. எனக்கும் சேர்த்துச் சோறு போட்டுவிட்டு அஞ்சலாட்சியும் உட்கார்ந்து, இரண்டு கவளம் வாயில் போட்டவர் நிறுத்தினார். "இன்னும் போவலியே தம்பி." குரலில் பயம் ஒரு துளிகூட இல்லை. பயந்தது நான்தான், செத்தவரை நினைத்து அல்ல, நாங்கள் செய்துவைத்த காரியத்தை நினைத்து.

அவர் எழுந்து போய் இன்னொரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்தார். சோறு போட்டு, மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

கிட்டார் பக்கமாக உட்கார்ந்திருந்த செம்மல், தன் தட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.