மஞ்சுளாக்கா செய்யாத சேவா

"...அவ கையில விளக்கை எடுத்துக்கினு மலை ஏறிக்கினு கீறா. காத்து வேற அடிக்குது. நடுவழியில நிறுத்தி, 'சேவா சேஸ்தாவா, சேவை செய்றியா'ன்னு கேட்டா என்னா நாயம் தம்பி? சேவான்னா ஏழு நாளு அங்கயே தங்கணும். அதுக்குள்ள விளக்கு அணைஞ்சிடாது? அதான் ஒவ்வொரு வாட்டியும் நோ, நோன்னு அமுக்கிட்டேன்."

மஞ்சுளாக்கா இதைச் சொன்னபோது நான் நகரியில் அவர் வீட்டு நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

போன பொங்கலுக்குத் திருப்பதியில் கையடக்க கேம் மெஷின் ஒன்று வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள்... வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

ஐந்தாறு கேம்களை ஏற்றினேன். எல்லோரும் புகழ்ந்த போர் கேம் ஒன்று – குதிரையின் வியர்வைகூடத் தெரிகிறது. ஆனால் முக்கால் மணி நேரம் ராஜா பேசுகிறார், மந்திரி பேசுகிறார். நான் எப்போது ஆடுவது? பந்தி போடாமல் கல்யாண வீடியோவையே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

இன்னொன்று விவசாய கேம். மாங்கன்று வைத்த மூன்றாம் நாள் காய்த்துவிட்டது. பங்காருபாளையத்தில் தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். "இந்தக் கன்னு எந்த நர்சரில கெடைக்கும், கேட்டுச் சொல்லு" என்றார், சிரிக்காமல். அன்றோடு அந்த கேமைத் தொடவில்லை.

மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். ஒரு பெண் விளக்கோடு மலையேறும் கேம். ஏழு வாசல். காற்று வந்தால் பட்டனை அழுத்தி, சுடரைக் கையால் மறைக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு மண்டபம். அங்கே 'சேவ்?' என்று கேட்கும். யெஸ் கொடுத்தால், விளக்கு அணைந்தாலும் அந்த மண்டபத்திலிருந்தே தொடரலாம். நோ கொடுத்தால், விளக்கு அணைந்ததும் மறுபடி அடிவாரம். மண்டபத்துக்கு மண்டபம் சேவ் செய்தும், நான் ஐந்தாம் வாசலைத் தாண்டியதில்லை.

மஞ்சுளாக்கா எங்கள் தெரு. பவர்லூம் ஷெட்டில் நான்கு தறி பார்ப்பவர். மழையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கட்டைவிரல் மடங்கவில்லை. தறியில் இழை அறுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும். கட்டைவிரல் இல்லாமல் முடிச்சு ஏது? ஷெட் மேஸ்திரி ஒரு மாதம் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் வராவிட்டால் நான்கு தறியும் வேறு ஆளுக்கு.

விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்.

"எத்தினி நாழி இதையே பெசஞ்சிக்கினு கீறது? சப்பாத்தியாவது ஆனா துன்னலாம்" என்றார் அக்கா.

அப்போதுதான் கேம் மெஷினை அவர் கையில் வைத்தேன். சுடரை மறைக்கும் பட்டன் வலது கட்டைவிரலுக்குத்தான்!

மூன்று வாரம் கழித்து, போன வியாழக்கிழமை போனேன். மெஷினைத் திறந்தால் நான் சேவ் செய்தவை வரிசையாக இருக்கின்றன. அவருடையது ஒன்றுகூட இல்லை. "ஏங்க்கா சேவ் பண்ணல?" என்று கேட்டதற்கு வந்த பதில்தான் மேலே நீங்கள் படித்தது. அக்கா திருமலைக்குச் சேவை செய்யப் போனபோது அவர் கழுத்தில் தொங்கிய அட்டையில் பார்த்த எழுத்துகள். எஸ், ஏ, வி, இ... இதில் ஏ-யும் இ-யும் இடம் மாறினால் சேவாதானே?

வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"அக்கா... அப்படின்னா தினமும் அடிவாரத்துல இருந்தா ஏறுனீங்க?"

"பின்ன? ஒரு நாளைக்கு இருவது வாட்டி அணையும். திரும்ப ஏறவேண்டியதுதான். நேத்து ஆறாவது வாசலைத் தாண்டிட்டேன்."

ஆறு! மெஷினை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அன்று மதியம் கரண்ட் இல்லை. தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. அக்கா ஆடிக் காட்டினார். திரையில் புல் அசைவதற்கு முன்பே அவர் விரல் அசைகிறது. எப்படி?

"சத்தம் மாறுது பாரு. நாலு தறி ஓடச்சொல்லோ, எதுல இழை அறுந்துச்சின்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினா கீறோம்? காதுதான் சொல்லும்."

நான் இத்தனை மாதமும் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடியவன். எந்த ஊரிலோ உட்கார்ந்து அந்தக் காற்றின் ஓசையைச் செதுக்கிய யாரோ ஒருவருக்கு, அதைக் கேட்கும் காது நகரியில் இருப்பது தெரியுமா? 

ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு வாசலும் போயிற்று. முதல் தடவையாக ஏழாவது மண்டபம். 'சேவ்?' என்று கேட்டது.

"அக்கா, யெஸ் குடுங்க! அது சேவா இல்ல... இதுவரைக்கும் ஏறுனதைப் பத்திரமா வச்சிக்கிறது!"

அவர் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. முழுதாக மடங்க இன்னும் நூலளவு பாக்கி இருந்தது.

"யெஸ் குடுத்தா இனிமே கீழ இருந்து ஏற வேணாமா?"

"வேணவே வேணாம்!"

"திங்கக்கெழம தறிக்குப் போவணும் தம்பி. வெரலுக்கு இன்னும் நாலு நாள் வேலை கீது" என்றவர், பல்லைக் கடித்துக் கட்டைவிரலை மடக்கி, 'நோ'வை அழுத்தினார்.