எதிர்பார்க்கும் மாத வருமானம்

கொல்கத்தா டாக்குரியாவில் யாரிடம் கேட்டாலும் மஹாதேவனைப் பற்றி முதலில் சொல்வது அவருடைய கறாரைத்தான். பவானிபூரில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்திரண்டு வருஷம் கடன் பிரிவில் இருந்தவர். வாடகை ரசீது ஒன்று குறைந்தால்கூட மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்த மைத்துனன் கார் லோன் கேட்டு வந்தபோது, ஒரு வருஷத்து வருமான வரிக் காகிதம் இல்லையென்று ஆறு மாதம் அலையவிட்டார். மைத்துனன் இன்றுவரை பேசுவதில்லை. அதையும் மனிதர் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு ஷீல்டு இருக்கிறது. ஒரே வருஷத்தில் நாற்பத்தோரு பேருக்குக் கல்விக் கடன் கொடுத்து இலக்கைத் தாண்டியதற்காக மண்டல அலுவலகம் கொடுத்தது. ரிடையராகி இரண்டு வருஷமாகியும் அதன் பளபளப்பு குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைத்துவைப்பது மகள் ஹர்ஷினியின் வேலை.

அந்த ஹர்ஷினி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். பல் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்ப்பதற்கான மூன்று வருஷப் பட்டப்படிப்பு பெஹாலாவில் ஒரு தனியார் கல்லூரியில் இருக்கிறது. அதில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. கட்டணம் நாலு லட்சம், முழுக்கக் கடன். மனுவை அவளே பூர்த்தி செய்துவிட்டாள். அப்பாவின் கையெழுத்தும் ஒரு கட்டமும்தான் பாக்கி. படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் மாத வருமானம் என்ற கட்டம்.

கல்லூரி விளம்பரப் புத்தகத்தில் இருபத்தைந்தாயிரம் என்று இருக்கிறதே, அதையே எழுது என்றார் மஹாதேவன். கிளையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவது வழக்கம். அந்தப் புத்தகத்தின் பக்கம் ஒன்றைப் பின்னால் இணைத்திருந்தால் போதும், அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் ஹர்ஷினிக்கு மனசு ஒப்பவில்லை.

"நீ நாளைக்குப் பல்லுக்குப் போறியோன்னோ, அங்க டாக்டர் பக்கத்துல ஒருத்தி நிப்பாளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வாயேன்ப்பா."

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டேதான் போனார்.

ஸ்டேஷன் பக்கத்தில்தான் அந்தக் க்ளினிக். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பத்து நிமிஷம் ஆகும் என்று அடுத்த அறைக்குப் போனார். முகமூடி அணிந்த உதவியாளர் பெண் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உதடு கனக்க ஆரம்பிப்பதற்குள் விஷயத்தை முடித்துவிடலாம் என்று மஹாதேவன் பெங்காலியில் பேச்சுக் கொடுத்தார். என் பெண்ணும் இந்தப் படிப்புதான் படிக்கப்போகிறாள், மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டார். எந்தக் கல்லூரி என்று அவள் திருப்பிக் கேட்டாள். பெயரைச் சொன்னார்.

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"ஸார், என்னை ஞாபகம் இல்லையா? சுதபா. நீங்கதான் எனக்கு லோன் போட்டுக் குடுத்தீங்க."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவளுக்கோ எல்லாம் ஞாபகமிருந்தது. கடன் கிடைத்த அன்று, ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்திருக்கிறார். வாடிக்கையாளர் தருவதைத் தான் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, மஹாதேவன் முதல் சந்தேஷை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படி, அப்புறம் மாதம் இருபத்தைந்தாயிரம் என்று வாழ்த்தியிருக்கிறார். சொல்லியிருப்பார்தான். வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சொன்னதுதானே அது.

"ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஸார், இப்ப என் சம்பளம். தவணை எட்டாயிரத்து இருநூறு."

மஹாதேவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்காரப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். தவணையைக் கட்டுவது அப்பாவின் ஆட்டோதான் என்றாள். வேலை தனக்குப் பிடித்த வேலை, அதில் குறை ஒன்றும் இல்லை என்றாள். இதே க்ளினிக்கில் சாயங்காலம் வருகிற இன்னொரு பெண் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை, டாக்டர் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டவள், அவளுக்குச் சம்பளம் ஒன்பதாயிரம் என்றாள்.

"என் பட்டத்துக்கு மாசம் ஐந்நூறு ரூபாய் ஸார்."

கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், அந்த இருபத்தைந்தாயிரத்தை உங்களுக்கு யார் சொன்னார்கள் ஸார் என்றாள்.

அதற்குள் நாக்கு பாதி மரத்துவிட்டது. மரக்காமல் இருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பார்? வாடகை ரசீதுக்காக ஆட்களை நாலு தடவை நடக்கவிட்ட மனிதர், கிளைக்கு எதிர்வரிசையிலேயே இருந்த பல் ஆஸ்பத்திரிக்குள் போய், இங்கே உதவியாளருக்கு என்ன சம்பளம் என்று ஒரே ஒரு தடவை கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

டாக்டர் திரும்பி வந்து வாயைத் திறக்கச் சொன்னார். சுதபா முகமூடியை ஏற்றிக்கொண்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் கடைவாயில் வைத்து, வேலை முடியும்வரை கை ஆடாமல் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேஜையிலிருந்த மனுவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் 9,500 என்று எழுதினார். அப்பா எதையோ தப்பாக எழுதிவிட்டார் என்று ஹர்ஷினி நினைத்தாள். மஹாதேவன் தவணைத் தொகையைப் பக்கத்தில் எழுதிக் கழித்துக் காட்டினார். ஆயிரத்து முந்நூறு மிஞ்சியது. குழறும் வாயோடு சுதபாவைப் பற்றிச் சொன்னார். சந்தேஷையும் விடாமல் சொன்னார்.

ஹர்ஷினியின் பார்வை அலமாரிப் பக்கம் போனது.

"அந்த நாப்பத்தோரு பேர்ல இந்தக் காலேஜுக்கு எத்தனை பேருப்பா?"

"பதினேழு."

"எல்லாருக்கும் இருபத்தஞ்சாயிரம்னுதான் எழுதினியா?"

அவர் தலையாட்டினார். மனுவை இரண்டாக மடித்து அவளிடமே நீட்டினார். கையெழுத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் கேட்டுண்டு வரச் சொல்லலேன்னா, எனக்கும் அதையேதானேப்பா எழுதியிருப்பே?"

மருந்து இன்னும் இறங்கவில்லை. உதடு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் ஆமாம் என்று சொன்னது அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.