ஊருக்கே திறந்துவிட்டதை அண்டாவில் ஒளித்தேன்

மடிக்கணினியை ஒளித்துவைத்தால் மென்பொருளும் ஒளிந்துகொள்ளும் என்று நம்பினேன். தலையில் பாதி நரைத்த பிறகு, தெருவில் நாலு பேர் “கம்ப்யூட்டர்காரர்” என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கிய பிறகு, இப்படி நம்பினேன். அதுவும் என்ன மென்பொருள்? மூல நிரல் மொத்தமும் இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று நானே என் கையால் எழுதி உலகத்துக்கே திறந்துவிட்டது. அதைத்தான் கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்தேன். திறந்த மூல மென்பொருளைப் பதுக்க முயன்ற முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். வீட்டின் முன்பகுதிதான் கடை. ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளெக்ஸ், பட்டாவுக்கு விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தது. அதில் அடித்ததை இன்றைக்குத் திறந்தால் கோழி கிளறிய குப்பை மாதிரி என்னென்னவோ வரும். எல்லாவற்றையும் திரும்ப அடித்து அடித்து எரிச்சலாகி, பழைய எழுத்துருவை இப்போதைய ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டேன்.

அதை அரிமளத்தில் ஒரு டீச்சர் எடுத்துப் பயன்படுத்தினார். பள்ளியில் கணினிப் பாடம் எடுப்பவர். பழைய வினாத்தாள்களை மாற்றும்போது பிழைகளைக் கண்டுபிடித்தார். திட்டி மெயில் போடுவார் என்று பார்த்தால், பிழையைத் திருத்தியே அனுப்பினார். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். சும்மா ஒரு சின்னக் கூட்டம். ஆனால் நாளாக நாளாக உள்வேலை முழுவதும் டீச்சர் தலையில் போய் விழுந்தது. எழுதியவன் நான் என்று பெயர். இன்றைக்கு அதன் குடலும் குந்தாணியும் தெரிந்தவர் அவர் மட்டும்தான். அவர் கையை விட்டால் மென்பொருள் செத்தது.

அந்த டீச்சர்தான் ஒருநாள் போனில் சொன்னார். “சார், நான் வெலகிக்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்சதும் நிறுத்திர்றேன்.”

“ஏங்க டீச்சர், என்னாச்சு?”

“காலாண்டு லீவு பூராவும் அந்த இங்கிலீஷ் பிரச்சினையிலயே போச்சு. என் மகன் ‘அம்மா லேப்டாப்ப மூடு’ன்னு சொல்லிச் சொல்லி இப்ப சொல்றதையே விட்டுட்டான். முடியல சார்.”

இங்கிலீஷ் பிரச்சினை என்றால், தமிழுக்கு நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் எங்கள் மென்பொருள் அதையும் தமிழ் என்று எண்ணிச் சிதைத்துவிடும். அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் மெயில் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. பழைய புத்தகங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துச் சம்பாதிக்கிற கம்பெனி. மாற்றுவது எதை வைத்து? எங்கள் மென்பொருளை வைத்து. அது அவர்கள் உரிமை, நாங்கள்தான் திறந்துவிட்டோமே. ஆனால் இத்தனை வருடமாக எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள், முதல் மெயிலிலேயே ‘அர்ஜென்ட்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். உங்கள் மென்பொருளில் கோளாறு, ஒரு பழைய எழுத்துருவில் ‘கெ’, ‘கே’யில் வருகிற கொம்பு இடம் மாறி விழுகிறது, எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டுள்ளார்கள், உடனே சரிசெய்யவும், ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’. நகல் யாருக்கு என்று பார்த்தேன். சட்டப் பிரிவு என்று ஒரு முகவரி இருந்தது. கடைசி வரியில், சனிக்கிழமை எங்கள் குழு நேரில் வந்து உங்களைச் சந்திக்கும்.

சட்டப் பிரிவு நேரில் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? ஜீப், கைவிலங்கு, நாளைய பேப்பரில் என் போட்டோ. அந்தப் போட்டோவில் எந்தச் சட்டை போட்டிருப்பேன் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“காசு வாங்குனீங்களா அவுககிட்ட?”

“ஒரு பைசா வாங்கல.”

“கையெழுத்து கிய்யெழுத்து?”

“இல்ல.”

“பெறகு எதுக்கு உங்களப் புடிக்கணும்? ஓசியில சோறு தின்னவன், சோறு போட்டவனப் போலீஸ்ல குடுப்பானா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“ஆமா, எனக்குப் புரியாது. உங்களுக்குப் புரிஞ்சுதான் இப்புடி வேர்க்குதாக்கும்.”

சனிக்கிழமை காலையில் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பாத்திர அறை உண்டு. தெருவுக்குப் பொதுவான அண்டா, குண்டா, தவலை, கரண்டி எல்லாம் அதில் இருக்கும். விசேஷ வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். வாடகை கிடையாது. ஒரே வழக்கம்: கழுவிக் கொண்டுவந்து வைக்க வேண்டும், நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்த வேண்டும், முடிந்தவர்கள் புதிதாக ஒன்று வாங்கித் தங்கள் வீட்டுப் பெயரை வெட்டி வைப்பார்கள். சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். கடைக்கும் எனக்கும் இருக்கிற ஒரே கணினி அந்த மடிக்கணினிதான்; அதை ஒரு துண்டில் சுற்றி, இருப்பதிலேயே பெரிய அண்டாவுக்குள் வைத்துத் தாம்பாளத்தால் மூடினேன். கம்பெனிக்காரர்கள் கடையைச் சல்லடையாய்ச் சலித்தாலும் கிடைக்காது. அப்படி ஒரு திருப்தி எனக்கு.

பிறகு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். டீச்சரையும் வரச்சொல்லியிருந்தேன். மாட்டினால் துணைக்கு ஆள் வேண்டுமே. அவர் கையில் டிபன் பாக்ஸோடு இறங்கினார்.

“கைதாகப் போறவரு இவ்ளோ பவுடரா போடுவாரு?” என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. ஜீப் இல்லை. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேலாளர், என் வயதுதான் இருக்கும். இன்னொருவர் அவர்களுடைய பொறியாளர், வழி நெடுக வாந்தி எடுத்தவர் மாதிரி முகம். சட்டப் பிரிவு வரவில்லை.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். மோர் குடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “ஒரு சின்ன ஃபார்மாலிட்டி சார். இனிமே நாங்க எந்தக் கம்ப்ளெயின்ட் சொன்னாலும் ரெண்டு நாள்ல சரிபண்ணித் தர்றதா ஒரு சைன்.”

நான் பேனாவை எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்துவிட்டேன். கைவிலங்குக்குப் பதில் கையெழுத்து என்றால் லாபம்தானே என்று தோன்றியது. டீச்சர் டிபன் பாக்ஸைத் தூக்கி அந்தத் தாளின் மேல் வைத்தார்.

“ரெண்டு நாள்ல யாரு சரிபண்ணுவா சார்? இவரா? இவருக்கு உள்ள என்ன இருக்குன்னே இப்பத் தெரியாது.”

“தெரியும்” என்றேன்.

“சும்மா இருங்க சார்.”

இருந்தேன்.

பொறியாளர் மெதுவாக, “மேடம், அந்தக் கொம்புப் பிரச்சினைய உங்க மிஷின்ல ஒருதடவ ஓட்டிக் காட்டுனீங்கன்னா...” என்றார்.

டீச்சரின் மடிக்கணினி பள்ளியில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாத்திர அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஆணியில் சாவி இருந்தது. திறந்தேன். அண்டா இல்லை.

“இந்தா, பெரிய அண்டா எங்க?”

“மேலத்தெருக் காதுகுத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாக. நீங்க பஸ்ஸுக்குப் போயிருந்தப்ப ஆட்டோவுல ஏத்துனாக” என்றாள் மனைவி.

அந்தக் காதணி விழாவுக்கு பிளெக்ஸ் அடித்துக் கொடுத்ததே நான்தான். தேதியோடு.

திரும்பி வந்து, “லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கு” என்றேன். உள்ளேயிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

நேரத்தைக் கடத்துவதற்காக ஏதேதோ பேச்சுக் கொடுத்தேன். இந்தக் கொம்பாவது பரவாயில்லை, ஆங்கிலச் சொல் சிதைகிறதே, அதுதான் பெரிய தலைவலி, டீச்சர் அதற்காகக் காலாண்டு லீவையே தொலைத்தார் என்று அளந்தேன். பொறியாளர் முகம் மலர்ந்து, “அதுவா சார்? அத நாங்க போன வருஷமே சரிபண்ணிட்டோமே!” என்றார்.



டீச்சர் கேட்டார். “எங்க?”

“எங்க காப்பில மேடம். உள்ள. வெளிய அனுப்பக் கேட்டேன். பாலிசி இல்லன்னு...” மேலாளரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் என் பயம் போனது. போனது என்ன, பயம் இருந்த இடம் முழுக்கக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்களிடமிருந்து ஓசியில் எடுத்தார்கள், சரி. அதை வைத்துச் சம்பாதித்தார்கள், அதுவும் சரி. ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டு, அடைத்த விதத்தை எங்களுக்குச் சொல்லாமல் பூட்டிவைத்திருந்தார்கள். அதே ஓட்டையை அரிமளத்தில் ஒரு பொம்பளை, பிள்ளையைக்கூடக் கவனிக்காமல், முதலிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தார். இது என்ன பாலிசி?

மேலாளர் சுதாரித்துக்கொண்டு, “நாங்க வேணா ஒரு டொனேஷன் மாதிரி ஏதாவது...” என்றார்.

“ஆபீஸுக்குக் கரண்டு பில் கட்டுறீங்கள்ல? அதுக்குப் பேரு டொனேஷனா?” என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சரியாக அப்போது வாசலில் பைக் நின்றது. காதுகுத்து வீட்டு மாப்பிள்ளை, எனக்குச் சொந்தக்காரன், துண்டில் சுற்றிய மடிக்கணினியைப் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான்.

“மாமா, இது அண்டாவுக்குள்ள இருந்துச்சு. சமையல்காரரு அரிசிய கொட்டப் போனாரு, நல்லவேளை நான் பாத்தேன். இத எதுக்கு மாமா அதுல வெச்சீக?”

“சர்வீஸ்” என்றார் டீச்சர்.

“அப்புறம் மாமா, அண்டாவுல ஒரு பக்கம் கைப்பிடி ஆடுது. நாளைக்கு விசேஷம் முடிஞ்சதும் நாங்களே ரிவிட் அடிச்சுக் கொண்டாந்து வெச்சிர்றோம். அடுத்து எடுக்குறவுக கைய சுட்டுக்கக் கூடாதுல்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் மேலாளர் பக்கம் திரும்பினேன்.

“கேட்டீங்களா சார்? அந்த அண்டா ஊருக்குப் பொது. வாடகை இல்ல, எக்ரிமென்ட் இல்ல, பாலிசி கெடையாது. எடுத்தவன் சரிபண்ணித் திருப்பி வெக்கிறான். நீங்க என்ன பண்ணுனீங்க? புதுக் கைப்பிடி போட்டு உங்க வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டீங்க. எங்ககிட்ட வந்து, ஊர் அண்டா சுடுதே, ரெண்டு நாள்ல ஆறவைங்கன்னு கையெழுத்துக் கேக்குறீங்க.”

மேலாளர் தாளை டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து உருவி மடித்தார். “என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றார். கோபமாகச் சொன்னாரா, வெட்கத்தில் சொன்னாரா தெரியவில்லை.

டீச்சர் யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாக மனதுக்குள் பேசிப் பேசிப் பழகிய மாதிரி வந்தது. “உள்ள சரிபண்ணுனது எல்லாத்தையும் வெளிய அனுப்புங்க. இந்தத் தம்பிக்கு வாரத்துல ஒரு நாள் இந்த வேலைக்குன்னு விட்டுருங்க, ஆபீஸ் நேரத்துல, சம்பளத்தோட. உங்க கொம்ப மட்டும் பாக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக்காரரு கேக்குற கேள்விக்கும் அவரு பதில் சொல்லணும். ஆனா எதச் சேக்குறது, எத விடுறதுன்னு இந்தக் கூட்டம்தான் முடிவு பண்ணும், கம்பெனி இல்ல. பணம் குடுக்குறதுன்னா வருஷா வருஷம் தவறாமக் குடுங்க, அத வெச்சு இன்னொரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டா நான் இருக்கேன். இல்லன்னா தேர்வோட போயிர்றேன். பெறகு உங்க கொம்ப நீங்களே தூக்கி வெச்சுக்கங்க.”

“மேனேஜ்மென்ட்ல பேசணும்” என்றார் மேலாளர்.

“பேசுங்க. நேர்ல வர்றதுக்கு மட்டும் பேசாமலேவா வந்தீங்க?” என்றார் டீச்சர்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பொறியாளர் மட்டும் போகும்போது, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைத்தார். என் மனைவி அதைக் கவனித்து, “அந்தப் புள்ள தேறும்” என்றாள்.

அந்தச் சட்டப் பிரிவு, பிறகு தெரிந்தது, அவர்கள் வெளியே அனுப்புகிற எல்லா மெயிலிலும் தானாகவே நகல் போகிற முகவரியாம். அதைப் படிக்க ஆளே கிடையாதாம்.

மேலாளர் சொன்னபடியே மேனேஜ்மென்டில் பேசினார். புதன்கிழமைகளில் அந்தப் பொறியாளர் எங்கள் மென்பொருளுக்கு மட்டும் வேலை பார்க்கிறார். ஆங்கிலச் சொல் சிதையாமல் இருக்க அவர்கள் செய்த திருத்தம் முதல் புதனே வந்தது; டீச்சர் படித்துப் பார்த்து ஒரு தவறைச் சுட்டித் திருப்பி அனுப்பினார், பிறகுதான் சேர்த்தார். கொம்புப் பிழையை இருவரும் சேர்ந்து சரிசெய்தார்கள். பணம் பற்றிக் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் இன்றுவரை மெயில் வருகிறது. டீச்சர் விலகவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடிக்கணினியைத் திறப்பதில்லை. அண்டா மறுநாளே திரும்பி வந்தது, கைப்பிடியில் புது ரிவிட்டோடு.