அத்தையின் கம்ப்யூட்டர் நின்று நின்று போன கார்த்திகை

பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளின் பதினேழாவது கேள்வியை அத்தை மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் கேள்வி முடிவதற்குள் திரை கறுத்துவிட்டது. 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலக் கம்ப்யூட்டர் முதலிலிருந்து எழுந்து வந்தது. எழுந்ததும் அது செய்யும் முதல் காரியம் எங்களைக் குற்றம் சொல்வது. என்னை நீங்கள் ஒழுங்காக அணைக்கவில்லை, அதனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, நீலத் திரையில் பத்து நிமிஷம் ஊர்ந்துகொண்டிருக்கும். தானே விழுந்துவிட்டு அடுத்தவரைத் திட்டுகிற ஆட்களை எனக்கு அப்போதே கொஞ்சம் பழக்கம் இருந்ததால் அது பெரிய ஆச்சரியமாகத் தெரியவில்லை.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடின. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் நூல் மூட்டை போடுகிற அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து அத்தைக்குக் கொடுத்திருந்தார்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் ஒரே ஒரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. எனக்கு அது கொண்டாட்டம்தான். ஏன் இன்னும் போகவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்று நானும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பே அவள் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். மதுரையில் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை விசாரித்து வாங்கி, காயிதக் கட்டுகளுக்கு நடுவே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டாள். எங்கள் வீட்டில் பட்டுப்புடவைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் என்று வேலை வந்தது. பிறகுதான் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வுக்கு எட்டு வினாத்தாள் அடித்துத் தரச் சொன்னார்கள். சரியாக முடித்தால் முழு ஆண்டுத் தேர்வும் அத்தைக்குத்தான். அந்தக் கார்த்திகை மாதத்தில்தான் கம்ப்யூட்டர் இப்படி விழ ஆரம்பித்தது.

அப்பா முதல் நாளே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "வோல்டேஜு" என்றார். அவர் உலகத்தில் எது கெட்டாலும் வோல்டேஜால்தான் கெடும். ஸ்டெபிலைசர் ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார். அது 'உம்' என்று முனகிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு தறியும் லீவு. பல்பு வெள்ளையாய் நிலையாய் எரிந்தது. கம்ப்யூட்டர் நாற்பதாவது நிமிஷத்தில் விழுந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே பார்த்து, "வைரஸு" என்றார். அம்மா அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக் கழுவினாள். அவர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துப் புதிதாய் ஏற்றினார். பிளாப்பியிலும் இருக்கும் என்று சொல்லி அதையும் துடைத்தார். அத்தை அடித்து முடித்திருந்த நான்கு வினாத்தாளும் வைரஸோடு சேர்ந்து போயின. "இனிமே நிக்காது. பெட்டிய மட்டும் நீங்களாத் தொறந்துறாதீக" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். செவ்வாய்க்கிழமை காலை அத்தை பூஜ்யத்திலிருந்து தொடங்கினாள். பத்து மணிக்குத் திரை கறுத்தது. அவள் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

புதன்கிழமை அம்மாவின் முறை. எதிர்வீட்டுக்காரி வந்து, "வீட்டுக்குள்ளயே இருந்து சம்பாதிக்கிறது எம்புட்டு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மாவுக்கு அது போதும். உப்பும் மிளகாயும் எடுத்துக் கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். அன்றைக்கு அது ஒன்றரை மணி நேரம் ஓடியது. அம்மா அடுக்களையிலிருந்து நடந்த நடையே வேறு மாதிரி இருந்தது. மத்தியானம் மறுபடியும் விழுந்தது. அத்தைக்கு மொத்தம் மூன்று தாள்தான் தேறியிருந்தது. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் அப்பா அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏத்தா, ஞாயித்துக்கெழம காரியாபட்டியில இருந்து அவுக வாராக. சொல்லி விட்டுருக்காக."

அத்தை திரும்பவில்லை.

"உன் கையில வேலைன்னு ஒண்ணு நெலையா இருந்தா நான் வாயத் தொறந்து பேசுவேன். இது இப்பிடி நின்னு நின்னு போச்சுன்னா, அவுககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"சனிக்கெழம வரைக்கும் விடுங்கண்ணே" என்றாள்.

எனக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. மாமா வீட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறார்கள். ஓடாத மிஷினைக் காட்டி அவமானப்பட வேண்டுமே என்று அப்பா கவலைப்படுகிறார். அவர்கள் முன்னால் எங்கள் வீட்டு மானம் போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. போன வருஷத்து அறிவியல் நோட்டின் மிச்சப் பக்கங்களில், கம்ப்யூட்டரை எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு நின்றது என்று பத்து நாளாக எழுதி வைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்துக்கு அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் எழுதுகிற மாதிரி ஓர் ஆசை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை அத்தைக்கு முன்னால் விரித்தேன்.

இரண்டு பேரும் விரலை வைத்து வைத்துப் படித்தோம். காலையில் முதலில் போட்டால் நாற்பது நிமிஷம். நின்றதும் உடனே மறுபடி போட்டால் ஆறு, ஏழு நிமிஷம். சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் முப்பது. பகல் வெயிலில் இருபதுகூட இல்லை. புதன்கிழமை மட்டும் ஒன்றரை மணி நேரம்.

"புதன்கெழம மதினி சுத்திப் போட்டாக" என்றாள் அத்தை.

"புதன்கெழம மழை அத்தே. நான் நனைஞ்சுக்கிட்டுல்ல வந்தேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பூப்போட்ட உறைக்கு மேலாக அந்தப் பெட்டியின் விலாவைத் தொட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்கிற மாதிரியே வைத்தாள்.

"ஏ பிள்ள, கொதிக்குதுடி" என்றாள்.

உறையை உருவிப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஓட்டினோம். ஐம்பத்தைந்து நிமிஷம் தாங்கியது. தாங்கியதே தவிர விழாமல் இல்லை. ஆனாலும் வழி சரி என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பெட்டியின் முதுகில் கையை வைத்துப் பார்த்தேன், காற்று வருகிற மாதிரியே இல்லை.

"தொறந்துருவோமா?" என்றாள் அத்தை.

"மெக்கானிக் தொறக்காதீகன்னாரே."

"அவரு நிக்காதுன்னுந்தான் சொன்னாரு."

தறிக்கொட்டகையிலிருந்து திருப்புளி கொண்டு வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைப் பல்பு வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஒரு சொம்பில் போட்டோம். மூடியை எடுத்தோம். உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. தறி ஓடும்போது பறக்கிற பஞ்சு மாசக்கணக்காக ஜன்னல் வழியே வந்து, உள்ளே புகுந்து, படிந்து, இறுகி, ஒரு மெத்தையே தைத்திருந்தது. நடுவில் பிஸ்கட் அளவுக்கு ஒரு குட்டி விசிறி. அதன் இறக்கைகளுக்கு நடுவே பஞ்சு திரித்த திரியாய் முறுக்கிக்கொண்டிருந்தது. விரலால் தள்ளினேன். அசையவில்லை.

"பாவம்டி, மூச்சு முட்டிக் கெடந்திருக்கு" என்றாள் அத்தை.

புருவம் பிடுங்கும் சாமணத்தால் அவள் பஞ்சைத் திரித்திரியாய் எடுத்தாள். நான் சைக்கிள் பம்ப்பால் அடித்தேன். அடித்த பஞ்செல்லாம் எங்கள் தலையில் ஏறி இரண்டு பேரும் கிழவிகளாகிவிட்டோம். கடைசியில் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு எடுத்து விசிறியின் நடுவில் விட்டாள். ஊதினேன், சுற்றியது. மறுபடி ஊதினேன். அது நிற்க மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டபோது, அதுவரை கேட்டிராத சன்னமான ஓர் இரைச்சல் கேட்டது. பெட்டியின் முதுகில் காற்று வந்தது. அத்தை உட்கார்ந்து பதினேழாவது கேள்வியை அடித்தாள். பதினெட்டாவதை அடித்தாள். நாற்பது நிமிஷம் ஆனதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஆனபோது ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆனபோது கொட்டகைக்கு ஓடி, தறிச் சத்தத்துக்கு மேலே அப்பாவிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆனபோது தறி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா, சுற்றிப் போட்டது நின்று பலன் தருகிறது என்றாள். நாங்கள் மறுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் எல்லோருக்கும் பங்கு கொடுக்கலாம் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அத்தையின் விரல்கள் தறிக்குச் சமமாக ஓடின. சனிக்கிழமை எட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் திருச்சுழி பஸ்ஸில் போனோம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தப்புத் தேடுகிறவர் போல வரிவரியாகப் பார்த்தார். "கால் எழுத்துக்கூடப் பெசகலயேம்மா" என்றார். பரீட்சை முடிந்ததும் முழு ஆண்டுக்கும் வரச் சொன்னார். திரும்பி வரும்போது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் பறக்கிற முடியை ஒதுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரியாபட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாமா வரவில்லை. அவருடைய அண்ணனும் இரண்டு பெரியவர்களும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அத்தை அறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். தறி லீவு என்பதால் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நான் போய்ப் பார்த்தால், முந்தின நாள் கொடுத்துவிட்டு வந்த அதே அறிவியல் தாளை முதலிலிருந்து அடிக்கிறாள்.

"இதத்தான் குடுத்துட்டமே அத்தே."

"மிஷினு தாங்குதான்னு பாக்க வேண்டாமா?" என்றாள், கையை நிறுத்தாமல்.

பெரியவர்களில் ஒருவர், "பிள்ளய வரச் சொல்லுங்க, ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்.

அப்பா அவசரப்படவில்லை. "அவ வேலையா இருக்கா. இப்ப எந்திரிச்சு வர முடியாது. இனிமே எதுன்னாலும் எங்கிட்டப் பேசுங்க" என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவோரமாக நின்று, "இப்பல்லாம் நிக்கவே நிக்காது" என்று வந்தவர்களிடம் சொன்னேன். மாமாவின் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. எங்கள் மிஷினைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். காபி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

அப்பா அறை வாசலுக்கு வந்து, "போயிட்டாகத்தா. இனி வரமாட்டாக" என்றார்.

அத்தையின் விரல்கள் நின்றன. அவள் அப்படியே கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்தாள். அவள் நெற்றி அழுந்தி, திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடத் தொடங்கியது. தோள் குலுங்கியது. நான் பதறிப்போய் அவள் முகத்தைத் தூக்கினால், அழுதுகொண்டே சிரிக்கிறாள். மூன்று மணி நேரம் ஒருமுறைகூட நிற்காமல் ஓடிவிட்டதே, அந்தச் சந்தோஷம்தான் என்று நினைத்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.