அக்காவின் தோட்டத்துக்குப் போய் வந்தது

அப்போது பண்டாரவளை வரைக்குந்தான் ரயில். பதுளையிலிருந்து அங்கே போகப் பதினெட்டு மைல் மாட்டுவண்டிதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி ஒன்றில் முக்கால் ரூபாய் பேசி ஏறினேன். அக்காவைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். திரும்பி வருவதில்லை என்பது என் மனதுக்குள் மட்டும்.

என் வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பேச்சில்தான் நானும் மயங்கினேன். வீட்டுக்குள் வந்தால் வாய் திறக்கமாட்டார். தட்டை விரலால் தட்டினால் சோறு வைக்கவேண்டும், செம்பைத் தட்டினால் தண்ணீர். எட்டு வருசம் அப்படியே போயிற்று. பிள்ளையும் இல்லை.

வழியில் ஆலிஎலவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வண்டிக்காரர் கேட்டார்: "தனியாவா போறீங்க தாயி? ஐயா வரலையா?"

"அவங்களுக்குக் கடை இருக்குங்க."

"கடை எங்க ஓடிப்போகப் போகுது!" என்று சிரித்தார்.

பகல் இரண்டு மணிக்குப் பண்டாரவளை சேர்ந்தோம். அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏழு மைல், மூன்றாம் வகுப்பு இருபது சதம். ரயிலில் அதுதான் முதல் தடவை. பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இறங்கினால் ஒரே பனி. இரண்டு மைல் நடந்து, நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை அடைந்தேன். அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இங்கயே இருந்துக்க. கொழுந்து பறிக்கிறதுக்கு ரெண்டு கை போதும். ஆனா காலையில பெரட்டுக்களத்துல கங்காணிகிட்ட, புருசனை விட்டுட்டு வந்துட்டேன்னு நீதான் சொல்லணும். வேற ஆளு சொன்னா பேரு போடமாட்டாரு. நாளைக்குப் புருசன்காரன் வந்து சண்டை புடிப்பான்னு பயம்."

சனிக்கிழமை ஆறு மணி. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அக்கா தன் பழைய கூடையை என் முதுகில் விட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

"கடைக்கார வீட்டு ராசாத்தி வந்திருக்காடி. அட்டை கடிச்சா அழுவாளா?" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள். எங்கள் லயத்திலிருந்து கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான் ஒருத்திதான். என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

கங்காணி மெதுவாகத்தான் கேட்டார்: "ஏம்மா, வீட்டுக்காரரை விட்டுட்டு வந்துட்டியாமே? உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக்கிறேன்."

"இல்லீங்க. சும்மா பார்க்க வந்தேன். நாளைக்குப் போயிடுவேன்."

"அப்ப கூடை எதுக்கு, அழகு பாக்கவா?" என்று அந்தப் பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கயிற்றை என் தலையிலிருந்து எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேசனுக்கு வழியனுப்ப வந்த அக்கா, "நான் கோவிச்சுக்கலடி. ஆனா இனிமே நீ வந்தா விருந்தாளிதான்" என்றாள்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. மாட்டுவண்டிப் பாடு இல்லை. அக்காவும் இல்லை, என் வீட்டுக்காரரும் போன வருசம் தவறிவிட்டார். பெரட்டுக்களத்தில் நின்றபோது என் கால் நடுங்கியது. மறுநாள் அந்தப் பேச்சில்லாத வீட்டுக்கே திரும்ப ரயிலேறும்போது நடுங்கவேயில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.